குடை தாழும் இடம்

கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் முனையில் ஒரு சிமெண்ட் வளைவு நிற்கிறது. இரண்டு பக்கமும் மீசை வைத்த காவல்காரன் பொம்மை, கையில் ஈட்டி. மேலே பல் பல்லாக மதில் மாதிரி பூசி மஞ்சள் அடித்திருக்கிறார்கள். நடுவில் 'பழம்பெரும் கோட்டையின் நுழைவாயில்' என்று எழுதியிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்தைக் கூட்டிக் கூட்டி அதைப் படித்து முடித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த வளைவைக் கட்டியவன்தான் அந்தக் கோட்டையை லாரியில் ஏற்றி விற்றவன்.

அவன் வெளியாள் இல்லை. என் சித்தப்பா மகன். எனக்கு இளையவன் என்பதால் வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். இன்றைக்கு அவனுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனாலும் சின்னவன்தான்.

கோட்டை என்றதும் செஞ்சிக் கோட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது மண் கோட்டை. இருந்தது என்று சொல்கிறார்களே தவிர, நான் பிறந்தபோதே அது இல்லை. என் அப்பா பிறந்தபோதும் இல்லை. ஊருக்கு மேற்கே நீளமாக ஒரு மேடு மட்டும் இருந்தது. அதன் பேர் கோட்டை மேடு. ஆடு மேய்க்கவும், பிள்ளைகள் சறுக்கி விளையாடவும், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஏறி நின்று கிழக்கே தெரியும் கழனியைப் பார்த்துக்கொண்டு பேசவும் அந்த மேடு உதவியது. திரும்பி நின்றால் அண்ணாமலையார் மலை தெரியும். பெரிய மழை பெய்து ஓய்ந்தால் உடைந்த ஓடு, கறுப்பு மணி என்று ஏதாவது மேட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு தடவை தேங்காய் அளவில் இரும்புக் குண்டு ஒன்று கிடைத்தது. பீரங்கிக் குண்டு என்றார்கள். மளிகைக் கடைக்காரர் அதை வாங்கிப்போய் ஊறுகாய் ஜாடியின் மூடி மேல் வைத்தார். ரொம்ப நாள் அது அங்கேதான் இருந்தது.

கட்டினது யார் என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பதில். கிழக்குத் தெருவில் ஆற்காட்டு நவாபின் ஆள் கட்டினது என்பார்கள். மேற்குத் தெருவில், நவாபுக்கு வரி கட்டமாட்டேன் என்று நின்ற ஒரு பாளையக்காரர் கட்டினது என்பார்கள். பூசாரி வீட்டுக்காரர்கள் அதற்கெல்லாம் முன்னால் போவார்கள். திருவண்ணாமலை டவுனில் பெரிய கோயிலுக்குக் கோபுரம் எழுப்பின ராஜா, மலையில் ஏற்றும் தீபத்தை இங்கிருந்து பார்க்கக் கட்டினாராம். இடித்தது யார் என்பதிலும் இதே கதைதான். இங்கிலீஷ்காரன், துலுக்கப்படை, மராட்டியக் குதிரைக்காரன் என்று ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிக்காதவன் தலையில் பழியைப் போட்டார்கள். என் அப்பாவைக் கேட்டால் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொல்வார்: "மழைதான்டா. மண்ணு கோட்டைக்கு மழையை விட பெரிய சத்துரு யாரு?"

ஆக, உறுதியாக ஒன்றும் கிடையாது. கோட்டை இருந்ததா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் அம்மன் அதைச் சுற்றி வருகிறாள். அவள் பேரே கோட்டையம்மன். டவுனில் மலையைச் சுற்றுகிறார்கள். நாங்கள் ஆடி மாசத்தில் இல்லாத கோட்டையைச் சுற்றுவோம். மதில் நின்ற கோடு என்று ஒன்று இருக்கிறது. யாருக்கும் வரைந்து காட்டத் தெரியாது, ஆனால் பல்லக்குத் தூக்குகிற காலுக்குத் தெரியும். ஒருத்தர் வீட்டுத் தோட்டத்தில் நுழைந்து மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் வளைந்து போவோம். நேராகப் போக இடம் இருந்தாலும் அங்கே வளைவோம். அங்கே கொத்தளம் இருந்ததாம்.

இந்தச் சுற்றில் ஒரு இடம் உண்டு. தெரு முடிந்து, ஒற்றைப் பனைமரம் நின்ற வெட்டவெளி. அங்கே வந்ததும் முன்னால் குடை பிடிக்கிறவர் குடையைத் தாழ்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். பின்னால் பல்லக்குத் தூக்குகிற நாங்கள் முட்டியை மடித்துத் தண்டைத் தாழ்த்துவோம். பம்பைக்காரன் குனிவான். பெண்கள் குனிவார்கள். இடுப்பில் இருக்கும் குழந்தையின் தலையைக் கையால் அமுக்குவார்கள். மேலே ஒன்றும் இருக்காது, ஆகாயம்தான். ஆனால் அதுதான் கோட்டை வாசல். வாசல் தாழ்வானதாம்.

ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளைகளுக்கு அங்கே சோதனை உண்டு. விஷயம் தெரியாமல் நிமிர்ந்து நடந்துவிட்டால் மச்சான்மார்கள் பின்னாலிருந்து நங்கென்று தலையில் குட்டுவார்கள். "இன்னா மாமா, வாசல்ல இடிச்சிக்கினீங்களா?" என்று கேட்டு ஊரே சிரிக்கும். என் அக்கா வீட்டுக்காரர் நல்ல உயரம். அவரைக் குட்டுவதற்கு நான் எம்பிக் குதிக்க வேண்டியிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளாமல், "உங்க ராஜா குள்ளமாப்பா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கும் யாருக்கும் பதில் தெரியவில்லை.

குடை பிடிக்கும் உரிமை எங்கள் பங்காளி வகையில் வருவது. என் அப்பா பிடித்தார், பிறகு சித்தப்பா பிடித்தார், அவருக்குப் பிறகு சின்னவன். எனக்குப் பல்லக்கின் முன் தண்டு. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. குடை பிடிக்க அலங்காரமான ஆள் வேண்டும். சின்னவன் பார்க்க நன்றாக இருப்பான்.

இனி மேட்டுக் கதைக்கு வருகிறேன்.

வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி ஜில்லா ஆக்கின வருஷம் அது. டவுனில் இடம் வாங்காதவன் மடையன் என்று ஆகிவிட்டது. பள்ளமான கழனியெல்லாம் மண் கொட்டி மேடாக்கினார்கள். லாட்ஜ், கடை, கல்யாண மண்டபம். எல்லாவற்றுக்கும் மண் வேண்டும். சின்னவன் அதுவரைக்கும் மல்லாட்டை மூட்டை ஏற்றி மண்டிக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்தான். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சு. ஒரு நாள் காலையில் பார்த்தால் கோட்டை மேட்டின் மேல் பொக்லைன் நிற்கிறது. கீழே வரிசையாக லாரி.

நான் கழனிக்குப் போகிறவன் அப்படியே திரும்பி மேட்டுக்குப் போனேன்.

"டேய், இது கோட்டை மேடுடா. இதைப் போய் வெட்டுற?"

"ஏதுணா கோட்டை? ஒரு கல்லு காட்டு பாப்போம். மண்ணுணா. வெறும் மண்ணு."

"அம்மன் சுத்தி வர்ற இடம்டா."

"அவ வர்ற பாதையை விட்டுட்டுதான் வெட்டுறேன். அவளுக்கு இன்னா கொறை? இன்னும் காத்தோட்டமா இருக்கும்."

டிரைவர்கள் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவன் ஆளுக்கு இரண்டு லோடு இலவசமாக வாசலில் கொட்டினான். கேட்க வந்தவன் மண்வெட்டி எடுத்து வாசலை நிரவப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில் காலேஜில் சரித்திரம் சொல்லித்தருகிற ஒருத்தர் எப்படியோ கேள்விப்பட்டு டவுன் பஸ்ஸில் வந்தார். தோளில் ஜோல்னாப் பை. வெட்டின இடத்தில் குந்திக்கொண்டு ஓட்டுச் சில்லைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"பழசுதாங்க. எவ்ளோ பழசு, யாரோடதுன்னு முறையா தோண்டிப் பாக்காம சொல்ல முடியாது. இது கோட்டையா, இல்ல முன்ன ஊர் இருந்த மேடான்னுகூட இப்ப சொல்ல முடியாதுங்க."

நியாயமான மனுஷன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அதையே சின்னவன் பிடித்துக்கொண்டான். "கேட்டீங்களா? படிச்சவரே தெரியலைன்றாரு. ஏறு, லோடு ஏத்து."

அவர் மேலிடத்தில் சொல்லி வேலையை நிறுத்தி வைக்கிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது மேடு இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்து விளிம்பில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவன் சோடா உடைத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை. வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்து போய்விட்டார். இத்தனை வருஷத்தில் சின்னவன் நீட்டினதை வாங்காமல் போன ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். லாரியில் தொற்றிக்கொண்டு ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு பள்ளக் கழனியில் கொட்டினார்கள். இப்போது அங்கே மாடி மேல் மாடியாக ரூம். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி, காலையில் எழுந்து போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். எங்கள் கோட்டை மேல்தான் படுத்துத் தூங்குகிறோம் என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது.

சரி, போனது போனது என்று நானும் விட்டிருப்பேன். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி எருமை விழுந்து புரண்டது. அம்மன் அதன் கரையிலேயே சுற்றி வந்தாள். சில வருஷம் அப்படிப் போயிற்று.

அதற்குள் டவுனுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்றுவது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சாமியார்களும்தான். இப்போது எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக வந்தார்கள். வந்தவர்களுக்கு இங்கே ஒரு மனை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மலை தெரிந்தால் போதும், எவ்வளவு தூரமானாலும் வாங்கினார்கள். சின்னவன் ஊருக்கு மேற்கே விளையாத கொல்லையெல்லாம் கம்மி விலைக்கு வளைத்துப் போட்டு, கல் நட்டு, வெள்ளை அடித்தான். எல்லாம் சரி, வண்டி போக வழி இல்லை. தெருவுக்கும் அந்த மனைகளுக்கும் நடுவில் என் அக்கா வீடு இருந்தது.

அக்கா என் கூடப் பிறந்தவள், எனக்கு மூத்தவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம். ஒரே மகளைப் போளூரில் கொடுத்திருந்தாள். மண் சுவர், நாட்டு ஓடு. அவர்கள் இரண்டு பேரும் மிதித்துக் குழைத்து எழுப்பின சுவர். மல்லாட்டை உரித்துக் கொடுத்துச் சம்பாதித்துத் தன் சோற்றைத் தானே தின்றுகொண்டிருந்தாள். நத்தத்து மனை, பட்டா கிட்டா ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் அப்போது யாருக்குத்தான் இருந்தது?

சின்னவன் முதலில் நயமாகத்தான் வந்தான். சின்ன வயசில் அவனுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசினவள் அக்கா. அதை மறந்தவன் மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, உனக்கு ரோட்டு மேலயே நல்ல இடமா பாத்துத் தரேன். மெத்தை வீடா, மாடி வெச்சி கட்டித் தரேன்."

"நல்ல இடம் எனக்கு எதுக்குடா? இந்தக் கெட்ட இடமே போதும்."

"மழை வந்தா இந்தச் செவுரு நிக்காதுக்கா."

"நிக்கலைன்னா நான் உக்காந்துக்கறேன். நீ கௌம்பு."

அவன் கிளம்பினான். வேறு வழியாகத் திரும்பி வந்தான்.

ஆடிக்கு முன்னால் அம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போடுவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் சின்னவன் எழுந்து, கோயில் முன்னால் வெயில் படாமல் ஒரு கொட்டகை போட்டுத் தருகிறேன் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "நம்ம ஊர்ல எவ்ளோ பெரிய கோட்டை இருந்துச்சு. அந்தப் பெருமையை நாம மறந்துட்டோம்."

மறந்தோமாம்! பக்கத்தில் இருந்தவர் என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சின்னவன் மேலே போனான். கோட்டையின் நிஜ வாசல் அக்கா வீடு இருக்கிற இடம்தானாம். அம்மன் அந்த வழியாகத்தான் உள்ளே போய் வந்தாளாம். நடுவில் வீடு வந்து அம்மன் பாதை அடைபட்டுப்போனதால்தான் ஊரில் மழை இல்லையாம். பாதையைத் திறந்துவிட்டால் அம்மனுக்கும் வழி, ஊருக்கும் வழி.

நான் எழுந்தேன். "டேய், மேட்டை வெட்டுன அன்னைக்கு ஒரு கல்லு காட்டுன்ன. இன்னைக்கு நீ ஒரு கல்லு காட்டு."

"அன்னைக்கு எனக்கு விவரம் பத்தலைணா. அந்த காலேஜ் சார் வந்தாரே, அவரே பழசுன்னு சொன்னாரே. நீயும் பக்கத்துல நின்னியே."

"வாசல் பனைமரத்தாண்ட. எங்கப்பா புடிச்சப்பவும் உங்கப்பா புடிச்சப்பவும் குடை அங்கதான் தாழ்ந்துச்சு."

அவன் பதில் வைத்திருந்தான். "அந்தப் பனை ஒரு காலத்துல தாழ்வா சாஞ்சி இருந்துச்சாம்ணா. மட்டையில குடை மாட்டும்னு தாழ்த்தியிருப்பாங்க. அதையே நாம பழக்கமா வெச்சிக்கினோம். வாசல்னு நீ பாத்தியா?"

எனக்கு எரிச்சல் அதில்தான். பார்க்கவில்லை. அவன் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும், ஆனால் பொய் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இருந்த ஒரே அத்தாட்சியை அவன் செங்கம் ரோட்டில் கொட்டிவிட்டான், அதன் மேல் மாடியும் எழும்பிவிட்டது. ஒன்று இல்லை என்றால் அதை வெட்டி விற்கலாம், இருந்தது என்றால் அடுத்தவள் வீட்டை இடிக்கலாம். இரண்டும் ஒரே வாய். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இரண்டு தடவையும் ஒரே ஆட்கள்.

கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் தாடையைச் சொறிந்தார். கொட்டகையும் அவர் கண் முன்னால் வந்து போயிருக்கும். பிறகு சொன்னார்: "அம்மன் பாதைன்னா குறுக்க யாரும் நிக்கக்கூடாது. இந்த ஆடிக்குப் பனைமரத்தாண்ட தாழ்த்த வேணாம். அந்தம்மா வீட்டாண்ட குடையைத் தாழ்த்துவோம். விக்கினம் இல்லாம நடந்துச்சுன்னா அம்மன் ஒத்துக்கினான்னு அர்த்தம். அப்புறம் அந்தம்மா எடத்தை விட்டுடட்டும்."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. சத்தமே போடவில்லை. "அப்படியே ஆவட்டும். என் வாசல்ல குடை தாழ்ந்துச்சுன்னா அன்னைக்கு சாயங்காலமே சட்டிப் பானையை எடுத்துக்கினு போயிடறேன்."

கூட்டம் கலைந்ததும் அவளோடு சண்டை போட்டேன். "உனக்கு இன்னா பைத்தியமா? குடை புடிக்கிறவனே அவன். அவன் தாழ்த்தாம இருப்பானா?"

"அவன் கேட்டா குடுக்கமாட்டேன். அவ கேட்டா இல்லன்னு சொல்ல நான் யாருடா?"

"அவ எங்க கேக்கறா? இவன்தான் அவ பேரைச் சொல்லி கேக்கறான்."

"அது எனக்குத் தெரியாதா? வேற இன்னா பண்ணச் சொல்ற? ஊரு மொத்தம் சாமி பாதைன்னு சொன்னப்புறம் நான் கதவைச் சாத்திக்கினு உள்ள உக்காந்தா நாளைக்கு எவ எனக்குத் தண்ணி மொள்ள விடுவா?"

திருவிழாவுக்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். பித்தளைத் தவலை, அரிவாள்மணை, வீட்டுக்காரர் கட்டின ஒரு வேட்டி, எல்லாவற்றையும் பழைய புடவையில் மூட்டை கட்டி வாசல்கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். சுவரை மட்டும் புதுசாகச் சாணி போட்டு மெழுகியிருந்தாள். நாளைக்கு விட்டுவிட்டுப் போகப் போகிற வீட்டை எதற்கு மெழுகினாய் என்று கேட்க வாய் வந்தது.

மறுநாள் பொழுது சாய அம்மன் கிளம்பினாள். நான் ஒரு முடிவோடு தோளில் தண்டை வாங்கினேன். யார் குனிந்தாலும் குனியாவிட்டாலும் நான் பனைமரத்தாண்ட குனிவேன். ஆனால் பின் தண்டுக்காரன் குனியாவிட்டால் பல்லக்கு சரிந்துவிடுமே என்ற பயமும் இருந்தது. அம்மனைக் கீழே போட்டவன் என்ற பேரோடு நான் சாக வேண்டியதுதான்.

சின்னவன் முன்னால் போனான். பட்டு வேட்டி, நெற்றி நிறைய மஞ்சள், கையில் ஜரிகைக் குஞ்சம் வைத்த சிவப்புக் குடை. மனை வாங்க வந்த டவுன்காரர் இரண்டு பேர் அவன் பக்கத்திலேயே நடந்தார்கள். அவன் அவர்களுக்கு ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு வந்தான். இது கொத்தளம், இது குதிரை கட்டின இடம், அதோ தெரியுது பாருங்க ஓட்டு வீடு, அதுதான் மெயின் வாசல். சொல்லி முடிக்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே பனைமரத்தாண்ட வந்தான். குடை தாழ்ந்தது.

வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. கை தானாகக் குடையைச் சாய்த்தது, கழுத்து தானாக மடிந்தது, எப்போதும் போலக் குனிந்தபடி வாசலைத் தாண்டுகிற அளவு நடந்து அப்புறம் நிமிர்ந்தான். அவன் பின்னால் பம்பைக்காரன் குனிந்தான். நான் குனிந்தேன், தண்டு ஒரே சீராகத் தாழ்ந்தது, பின்னால் தூக்கினவர்களும் குனிந்திருக்கிறார்கள் என்று தோளுக்குத் தெரிந்தது. பெண்கள் குழந்தைகளின் தலையை அமுக்கினார்கள். கோயில் பெரியவரும் குனிந்து நடந்தார். நிமிர்ந்து நின்றவர்கள் அந்த டவுன்காரர்கள் இரண்டு பேர் மட்டும்தான். எல்லாரும் ஏன் குனிகிறார்கள் என்று அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

சின்னவன் நிமிர்ந்து இன்னும் இரண்டு வார்த்தை பேசினான். அப்புறம்தான் பம்பைச் சத்தம் நின்றிருப்பது அவனுக்கு உறைத்தது. கையில் இருந்த குடையைப் பார்த்தான். பிறகு பனைமரத்தைப் பார்த்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டது: "இன்னா மாமா, வாசல்ல இடிச்சிக்காம தப்பிச்சிக்கினீங்களா?"

முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு ஊரே சிரித்தது.

"கை தவறிடுச்சு" என்றான் சின்னவன். "வாங்க, வாங்க, வாசலாண்ட போவலாம்."

அக்கா வீட்டு முன்னால் போய்க் குடையை இன்னொரு தடவை தாழ்த்தினான். எனக்குப் பின்னால் தண்டு பிடித்தவன் நிமிர்ந்தபடியே சொன்னான்: "ஒரு கோட்டைக்கு ஒரு தடவைதான்பா குனிவோம். மூட்டு வலிக்குது." யாரும் குனியவில்லை. சின்னவன் மட்டும் தனியாகக் குனிந்து நின்றான். பெரியவர் அவன் முதுகைத் தொட்டு, "தாழ்ந்தது தாழ்ந்ததுதான்பா. நட" என்றார். கொட்டகை போச்சே என்ற வருத்தம் அவர் குரலில் இல்லாமல் இல்லை.

அக்கா கற்பூரத் தட்டோடு வாசலில் நின்றாள். பனைமரத்தாண்ட நடந்தது கூட்டத்தின் தலைகள் மறைத்து அவளுக்குத் தெரியவில்லை. தன் வாசலில் அவன் மட்டும் ஏன் தனியாகக் குனிந்தான் என்றும் புரியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ இங்கதான் தாழ்ந்துச்சா?"

"பனைமரத்தாண்ட."

"அங்க தாழ்த்தினது யாரு?"

"சின்னவன்தான்."

"அவன் கையாலயேவா?" என்றாள். கற்பூரத்தை ஏற்றப் போனாள், இரண்டு குச்சி அணைந்து மூன்றாவதுதான் பற்றியது. தீபாராதனை காட்டினாள். பிறகு திரும்பி, கதவுக்குப் பின்னால் இருந்த மூட்டையைக் காலாலேயே உள்ளே தள்ளினாள்.

குடை பிடித்தவன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பான். அம்மன் கோயிலுக்குத் திரும்பினதும், கூடப்பிறந்தவள் வீட்டில் கூழ் குடித்துத்தான் விரதத்தை முடிக்க வேண்டும். சின்னவனுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. வருஷா வருஷம் அவனுக்குக் கூழ் ஊற்றுகிறவள் அக்காதான். அன்றைக்கும் வந்தான். வராமல் முடியாது. வாசப்படி தாழ்வு, குனிந்து உள்ளே வந்தான். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சொம்பு நிறையக் கூழும், முருங்கைக்கீரையும், கருவாடும் வைத்தாள். அவன் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போதும் என்றான்.

"குடிடா. அவ்ளோ பெரிய மேட்டைத் தின்ன வயிறு, இதுலயா ரொம்பிடப் போவுது?"

அவன் குனிந்த தலை நிமிராமல் இரண்டாவது சொம்பையும் குடித்தான். அதற்கப்புறம் அந்த வீட்டை அவன் கேட்கவே இல்லை.

மனைக்கு வழி கிடைக்காமல் போகவில்லை. வடக்குப் பக்கம் வேறொருத்தர் கொல்லையை வாங்கி ரோடு போட்டான். இதை முதலிலேயே செய்திருக்கலாம், கொஞ்சம் ஜாஸ்தி செலவு, அவ்வளவுதான். அந்த ரோடும் ஊர் ரோடும் கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து பிரிகிற முனையில்தான் கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் இந்த வளைவு எழும்பியது. வடக்கே கோட்டைக்கு வாசல் இருந்ததாக எந்தத் தெருக்காரனும் எந்தக் கதையிலும் சொன்னதில்லை. மனை விற்கிறவனுக்கு மட்டும் அங்கே ஒரு வாசல் தேவைப்பட்டது, கட்டிக்கொண்டான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மண் அள்ளின பள்ளத்துக்கு வேலி போட்டு, கரையில் சிமெண்ட் பெஞ்சு போட்டு, 'கோட்டை அகழி' என்று பலகை வைத்திருக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பொக்லைன் பல் பதிந்த தடத்தை அந்தக் கரையில் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது டவுனிலிருந்து வருகிறவர்கள் குழந்தையை அங்கே நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். போன வருஷம் என் பேத்தி பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊரைப் பற்றிப் பேசி டிபன் டப்பா பரிசு வாங்கி வந்தாள். அதில் அகழியும் வந்தது, முதலையும் வந்தது. எருமைதான் விழுந்து கிடந்தது என்று நான் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அக்கா அந்த வீட்டிலேயே இருந்து, அந்த வீட்டிலிருந்தே போனாள். போளூரிலிருந்து அவள் மகள் குடும்பத்தோடு வந்து இப்போது அங்கே இருக்கிறாள். ஓட்டை மாற்றவில்லை. பனைமரம் ஒரு காற்றில் விழுந்துவிட்டது. வெட்டவெளி தார் ரோடாகிவிட்டது. ஆனாலும் ஆடியில் குடை அங்கேதான் தாழ்கிறது. சின்னவனுக்குத் தோள் வலி வந்து குடை அவன் மகன் கைக்குப் போய்விட்டது. மகனும் அங்கேதான் தாழ்த்துகிறான். என் தோளுக்கும் இப்போது தண்டு கிடையாது, கூட நடக்கிறதோடு சரி.

சென்ற மாசம் வளைவுக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். காரில் வந்த ஒருத்தர் இறங்கி, காவல்காரன் பொம்மையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பெரியவரே, இந்த வாசல் எந்த ராஜா கட்டினதுங்க?"

"எங்க சித்தப்பா மகன் கட்டினதுங்க."

கிழவன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்தார். "அப்போ நிஜ வாசல் எங்க இருக்குது?"

சொல்லாமல் விட மனசு வரவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. பனை நின்ற இடம் வந்ததும் குனிந்து நடந்தேன். அவர் நிமிர்ந்தபடியே என் பின்னால் வந்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லதாங்க. இருந்துச்சா, யாரு கட்டினது, யாரு இடிச்சதுன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதி வெக்கிறானுங்களே, அதுக்குத்தான் உங்களை வெயில்ல இட்டாந்தேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ. அக்கா வீட்டு வாசலில் அவள் மகள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "மாமா, யாரு அது? வெயில்ல நிக்க வெச்சிக்கினு இன்னா பேச்சு? உள்ள வாங்க" என்றாள். அவரை முன்னால் போகச் சொன்னேன். வாசப்படியில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார்.

"பாத்துங்க, குனிஞ்சி போங்க" என்றேன்.